கொல்லையில் விறகடுப்பு: கல் தேர்விலிருந்து முதல் தீ வரை

2022இல் எரிவாயு சிலிண்டருக்கு வரிசையில் நின்ற மாதங்களில், திருகோணமலையின் வளவுகளில் மூன்று கல் அடுப்புகள் மளமளவென்று முளைத்தன. அந்த ஆண்டு ஏப்ரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 4,860 ரூபாவுக்கு ஏறியது. அந்த விலைக்கும் சிலிண்டர் கிடைக்கவில்லை. பிறகு எரிவாயு திரும்பி வந்தது, கற்கள் மதிலோரம் ஒதுங்கின. அதற்காக வருந்த வேண்டியதில்லை. மூன்று கல் அடுப்பு விறகை விழுங்கும், கண்ணைக் கரிக்கும், காற்றடித்தால் வேலிக்குத் தீப்பொறி அனுப்பும்.

ஆனால் வெளியில் வைத்துச் சமைக்கும் தேவை போய்விடவில்லை. பொங்கல் வரும், திவசம் வரும், உறவினர் பத்துப் பேர் சொல்லாமல் வருவார்கள், கடற்கரையிலிருந்து ஒரு முழுப் பாரை வந்து சேரும். இதற்கெல்லாம் குசினிக்குள் இருக்கும் இரண்டு பர்னர் அடுப்பு போதாது. நிலையாக, புகை குறைவாக, குறைந்த விறகில் எரியும் ஒரு செங்கல் அடுப்பை நீங்களே கட்டிக்கொள்ளலாம். ஒரு மேசனைக் கூப்பிட்டாலும் தவறில்லை. ஆனால் அவர் பழக்கத்தில் சீமெந்தைக் குழைக்கத் தொடங்குமுன் இதை அவருக்கும் படித்துக் காட்டுங்கள்.

அடுப்பின் சூட்சுமம்

விறகிலிருந்து புகையாகப் போவதும் எரிபொருள்தான். போதிய சூடும் காற்றும் கிடைத்தால் அந்தப் புகையும் எரிந்து பானைக்கு வெப்பம் தரும். திறந்த அடுப்பில் அது நடப்பதில்லை. தீயின் சூடு நாலாபுறமும் சிதறுகிறது, விறகு தரையில் கிடப்பதால் காற்று அடியிலிருந்து போக வழியில்லை.

இந்த இரண்டு குறையையும் தீர்க்கும் அமைப்பு ஒன்றை 1980களில் அமெரிக்காவின் ஒரிகன் மாநிலத்தில், அப்ரோவெச்சோ ஆய்வு நிலையத்தில் லாரி வினியார்ஸ்கி என்பவர் வகுத்தார். ரொக்கட் அடுப்பு என்று உலகம் முழுவதும் அறியப்பட்டது இதுவே. பக்கவாட்டில் ஒரு சிறு வாய், அதன் முடிவில் நிமிர்ந்து நிற்கும் ஒரு குறுகிய குழல், குழலின் தலையில் பானை. வாயின் நடுவே ஒரு தட்டு. தட்டின்மேல் விறகு, தட்டின்கீழ் காற்று. குழலின் உயரம் அதன் அகலத்தைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தால் தீ தானாகவே காற்றை இழுத்துக்கொள்ளும். ஊதுகுழலுக்கு வேலை இருக்காது.

தினமும் இரண்டு பேருக்குச் சோறும் கறியும் சமைக்கத்தான் அடுப்பு வேண்டும் என்றால் இத்தனை வேலை தேவையில்லை. இரண்டு பானை வைக்கும் அனகி மண்ணடுப்பு ஒன்றை வாங்கிவிடுங்கள். அது நல்ல அடுப்பு. இங்கே சொல்வது பெரிய சட்டிக்கும் பானைக்கும், வெளியில் நிலையாக நிற்பதற்குமான அடுப்பு.

இடம்

நம் ஊரில் காற்றைக் கேட்காமல் அடுப்பு வைக்கக் கூடாது. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்கிலிருந்து கச்சான் வீசும், வறண்ட காற்று. நவம்பருக்குப் பிறகு வடகிழக்கிலிருந்து வாடை. இரண்டும் ஒரே கோட்டின் இரு முனைகள் என்பதைக் கவனியுங்கள். அடுப்பின் வாய் அந்தக் கோட்டுக்குக் குறுக்காக, தென்கிழக்கையோ வடமேற்கையோ பார்த்திருந்தால், எந்தக் காலத்திலும் காற்று நேரே உள்ளே புகுந்து தீயைக் கலைக்காது.

வளவில் மூலை தேர்வதற்கும் இதே கணக்குதான். தென்கிழக்கை அக்கினி மூலை என்பார்கள். வாஸ்துவில் நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, வளவின் நடுவில் வீடு இருந்தால் தென்கிழக்கு மூலையில் எழும் புகையைக் கச்சானும் வீட்டுக்குள் தள்ளாது, வாடையும் தள்ளாது. அந்த மூலையை ஒட்டி அயல் வீட்டின் ஜன்னல் இருந்தால் மட்டும் வேறு இடம் பாருங்கள். புகையால் வரும் மனத்தாங்கல் நீண்ட காலம் நிற்கும்.

வீட்டுச் சுவர், கிடுகு வேலி, விறகுக் குவியல் ஆகியவற்றிலிருந்து பத்தடியாவது தள்ளியிருங்கள். தென்னையின் கீழ் வேண்டாம். காய்ந்த ஓலை எப்போது விழும் என்று யாரும் சொல்ல முடியாது. மேலே கூரை போடுவதானால் தகரம் மட்டும், ஏழு எட்டு அடி உயரத்தில், நான்கு பக்கமும் திறந்தபடி. கிடுகுக் கூரை அழகுதான், அடுப்புக்கு மேலே அல்ல.

கல்லும் மண்ணும்

தேவையானவை: செங்கல் 80, நான்கு அங்குலச் சீமெந்துக் கல் பத்து, சீமெந்து அரைப் பை, சல்லியும் உடைகல்லும் ஆற்று மணலும், கம்பிவலை ஒரு துண்டு, களிமண் இரண்டு மூன்று வாளி, 10 மில்லிமீற்றர் கம்பி ஒரு அடி நீளத்தில் இரண்டு துண்டு, பழைய பீப்பாய்த் தகரத்தில் ஒரு துண்டு, உமிச் சாம்பல் ஒரு பெரிய சாக்கும் இன்னும் கொஞ்சமும். கருவிகள் என்று பார்த்தால் சாந்தகப்பை, நீர்மட்டம், மண்வெட்டி, ஒரு அரிதட்டு போதும்.

செங்கல்லை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இரண்டைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். ஒன்றை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்தால் காலையில் கரைந்திருக்கக் கூடாது. அடுத்து அளவு. சூளைக்குச் சூளை கல்லின் அளவு மாறும். கல்லின் நீளத்திலிருந்து அகலத்தைக் கழியுங்கள். எட்டரை அங்குல நீளம், நான்கு அங்குல அகலம் என்றால் மீதி நாலரை. அந்த நாலரைதான் உங்கள் குழலின் உள்ளகலமாக வரப்போகிறது. மீதி நான்குக்கும் ஐந்துக்கும் இடையில் இருக்கும் கல்லாக வாங்குங்கள்.

தீ படும் இடத்தில் சீமெந்துக் கல் வேண்டாம், சீமெந்துச் சாந்தும் வேண்டாம். சீமெந்தின் பிடிப்பு 400, 500 பாகை வெப்பத்திலேயே தளர்ந்துவிடும். விறகுச் சுவாலை அதைவிட மிகவும் சூடானது. கருங்கல்லும் கடற்கரைக் கூழாங்கல்லும் சூடேறினால் வெடித்துத் தெறிக்கலாம், உள்ளே ஈரம் இருந்தால் அந்த ஆபத்து இன்னும் அதிகம். முருகைக்கல், அதாவது கடல் பவளக்கல், சுடச்சுடச் சுண்ணாம்பாகி, அடுத்த மழைக்கு மாவாக உதிரும். தவிரவும், கரையோரத்தில் முருகைக்கல் எடுப்பது சட்டவிரோதம்.

சாந்துக்குக் களிமண். கைக்கெட்டிய இடத்தில் ஆளில்லாத புற்று இருந்தால் அந்த மண்ணுக்கு ஈடில்லை. கறையான் அரைத்து வைத்த மா போல இருக்கும். பாம்பு குடியிருக்கிறதா என்று பார்த்த பிறகே மண்வெட்டியைத் தூக்குங்கள். புற்று இல்லாவிட்டால் தம்பலகாமம் பக்கத்து வயல் களி நன்றாக உதவும். கட்டிகளை உடைத்து, அரித்து, ஒரு இரவு ஊறவையுங்கள். மறுநாள் ஒரு பங்கு களிக்கு இரண்டு பங்கு ஆற்று மணல் சேர்த்துக் காலால் மிதித்துக் குழையுங்கள். இந்த இரண்டு பங்கு என்பது தொடக்கம்தான். ஒன்றரை, இரண்டு, மூன்று என மூன்று கலவையில் சிறு வட்டுகள் தட்டி நிழலில் உலர்த்துங்கள். வெடிப்பது களி மிகுந்தது, விரலால் தேய்த்தால் உதிர்வது மணல் மிகுந்தது. இரண்டும் இல்லாததே உங்கள் மண்ணுக்கான அளவு.

கடற்கரை மணலைச் சேர்க்க வேண்டாம். வீட்டு வாசலில் இலவசமாகக் கிடக்கிறதே என்று உப்புவெளியிலும் நிலாவெளியிலும் இருப்பவர்களுக்குத் தோன்றும். அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து, பூச்சைப் பொரியவைக்கும்.

மேடை

மணல் நிலம் என்றால் மூன்றரை அடிச் சதுரத்தில் ஒரு அடி ஆழம் தோண்டி, தண்ணீர் விட்டு நன்றாக இடித்து, உடைகல் பரப்பி மீண்டும் இடியுங்கள். களி நிலம் மழையில் ஊதி வெயிலில் சுருங்கும் என்பதால் அங்கே தோண்டிய மண்ணை அப்புறப்படுத்தி மணலாலும் உடைகல்லாலும் நிரப்புவது நல்லது.

அதன்மேல் சீமெந்துக் கற்களை மூன்றடிச் சதுரமாக ஒரு வரிசை நிறுத்துங்கள். எட்டுக் கல் பிடிக்கும். உள்ளே மணலைக் கொட்டி, நனைத்து, இடித்து நிரப்பி, மேலே மூன்று அங்குலக் கொங்கிறீற் தளம் ஊற்றுங்கள்: சீமெந்து ஒன்று, மணல் இரண்டு, சல்லி நான்கு. நடுவில் கம்பிவலை ஒன்றைப் படுக்க வையுங்கள். தீ இதுவரை வராது, ஆகவே இங்கே சீமெந்து பரவாயில்லை. ஒரு வாரம் நனைத்துவாருங்கள்.

இந்த உயரத்தில் மேடை அமைந்தால் பானை உட்காரும் மேல்மட்டம் தரையிலிருந்து இரண்டரை அடியில் வரும். நின்று சமைக்க வசதி, பெரிய சட்டிக்குள் அகப்பை விட்டுக் கிளறவும் கை எட்டும். இதைவிட உயர்த்தினால் கொதிக்கும் பானையை இறக்குவது ஆபத்தாகிவிடும்.

அடுப்புக் கூடு

முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது, ஆகவே அவசரம் வேண்டாம். முதலில் சாந்து இல்லாமல் கற்களை அடுக்கிப் பார்த்துப் பழகுங்கள்.

மேடையின் பின்பக்கமாக, முன்னால் ஒன்றேகால் அடித் திண்ணை விட்டு, சாம்பலும் மணலும் கலந்து ஒன்றரை அங்குலம் பரப்பி, அதன்மேல் செங்கற்களைப் படுக்கையாக வைத்து அடுப்பின் தரையை அமையுங்கள். சாந்துக்கு முன் ஒவ்வொரு கல்லையும் வாளி நீரில் முக்கி எடுங்கள். உலர்ந்த கல் களியின் ஈரத்தை உறிஞ்சிவிட்டால் ஒட்டாது.

நான்கு கற்களைக் காற்றாடிபோல் வைப்பதே அடுக்கும் முறை. ஒரு கல்லின் முனை அடுத்த கல்லின் பக்கத்தில் முட்ட, அதன் முனை அதற்கடுத்ததில் முட்ட, நான்கும் சுற்றி வந்தால் நடுவில் தானாகவே ஒரு சதுரத் துளை விழும். முன்பு கழித்துப் பார்த்த அந்த நாலரை அங்குலம். ஒரு கல்லையும் வெட்ட வேண்டியதில்லை. ஒரு வரிசை வலமாகச் சுற்றினால் அடுத்தது இடமாகச் சுற்ற வேண்டும். அப்போதுதான் மேல் இணைப்பும் கீழ் இணைப்பும் ஒன்றன்மேல் ஒன்று விழாது.

கீழ் இரண்டு வரிசைகளில் மட்டும் முன்கல்லை எடுத்துவிடுங்கள். அதனால் வெறுமையாகும் மூலையில் அரைக்கல் ஒன்று நிற்கட்டும். முதல் வரிசையில் அரைக்கல் இடப்பக்கம் என்றால் இரண்டாவதில் வலப்பக்கம். இப்போது நாலரை அங்குல அகலமும் ஐந்தரை அங்குல உயரமும் கொண்ட வாய் கிடைத்திருக்கும். அந்த வாய்க்கு மேலே குறுக்காக இரண்டு கம்பிகளையும் வைத்து, மூன்றாவது வரிசையின் முன்கல்லை அவற்றின்மேல் இருத்துங்கள். கம்பி இல்லாவிட்டால் அந்தக் கல்லின் ஒரு முனை அந்தரத்தில் தொங்கும். கம்பியின் இரு நுனிகளையும் களியால் இறுக்கிவிடாதீர்கள். இரும்பு சூட்டில் நீளும், இடம் இல்லாவிட்டால் கல்லைத் தள்ளும்.

மூன்றாம், நான்காம், ஐந்தாம் வரிசைகள் முழுக் காற்றாடி. சாந்து கால் அங்குலத்துக்கு மேல் வேண்டாம். ஐந்து வரிசையும் முடிந்தால் குழல் ஏறக்குறைய 14 அங்குலம் நிற்கும், அகலத்தின் மூன்று மடங்கு. வரிசைக்கு ஒருமுறை நீர்மட்டம் வையுங்கள். உட்சுவரில் பிதுங்கும் களியைக் கையால் வழித்துவிடுங்கள்.

பொங்கல் பானையும் கிடாரமும் மட்டும்தான் இதில் ஏறப்போகின்றன என்றால் கற்களைப் படுக்க வைக்காமல் விளிம்பில் நிறுத்தி இதே காற்றாடியைக் கட்டலாம். துளை ஆறு அங்குலமாக விரியும், நான்கு வரிசையில் 16 அங்குல உயரம் வந்துவிடும். வாய்க்கு ஒரு வரிசையும் இன்னொன்றில் பாதியும் திறந்துவிட வேண்டும் என்பதால் கல் வெட்டத் தெரிந்த கை தேவை.

சாம்பல் போர்வை

சுவர் தடிப்பாக இருந்தால் சூடு நிற்கும் என்று பலர் அடுப்பைச் சுற்றிக் கல்லையும் களியையும் அப்பிவிடுவார்கள். நடப்பது நேர்மாறு. கனத்த சுவர் முதல் அரை மணி நேரச் சூட்டைத் தானே குடித்துவிடுகிறது, பானை காத்திருக்கிறது. சூட்டைத் தடுப்பது கனமல்ல, கனமற்றதுதான்: சின்னஞ்சிறு காற்றறைகள் நிறைந்த சாம்பல்.

கூட்டின் இரு பக்கமும் பின்புறமும் நான்கு அங்குல இடைவெளி விட்டு ஒரு வெளிச்சுவரைக் கட்டுங்கள். முன்புறத்தில் வெளிச்சுவர் கூட்டின் முகத்தோடு வந்து சேரட்டும். இடைவெளியில் உமிச் சாம்பலைக் கொட்டி மெல்லத் தட்டி நிரப்புங்கள், இடிக்க வேண்டாம். உமியை எரித்து நெல் அவிக்கும் ஆலைகளில் இந்தச் சாம்பல் மலையாகக் குவிந்து கிடக்கும். சாம்பல் நிறத்திலோ வெள்ளையாகவோ முழுமையாக எரிந்ததை எடுங்கள். கறுப்பாக இருப்பது கூட்டுக்குள் மீண்டும் கனலத் தொடங்கும். கொட்டும்போது மூக்கையும் வாயையும் துணியால் கட்டிக்கொள்ளுங்கள், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதி. உமிச் சாம்பல் கிடைக்காவிட்டால் சாதாரண விறகுச் சாம்பலும் ஆகும்.

நிரப்பிய மேல்மட்டத்தை உமி கலந்த களியால் ஒன்றரை அங்குலம் மூடி, வெளிப்புறம் வழியும்படி சற்றுச் சாய்த்துப் பூசுங்கள். சாம்பல் நனைந்தால் அதன் பயன் போய்விடும். வெளிச்சுவருக்குக் களிப் பூச்சும், காய்ந்தபின் சாணி மெழுகலும் போதும்.

வெட்டிய பீப்பாய் ஒன்றை வெளிச்சுவராக வைத்து இந்த வேலையை ஒரு மணி நேரத்தில் முடிப்பவர்களும் உண்டு. தம்பலகாமம் போன்ற வயல்புறத்தில் அது சில ஆண்டு நிற்கும். கடலுக்கு அருகே உப்புக் காற்று அதை அவ்வளவு காலம் விட்டுவைக்காது.

தட்டும் பானை இருப்பும்

பீப்பாய்த் தகரத்தை இரு ஓரமும் மடித்து, இரண்டரை அங்குல உயரமுள்ள குட்டிப் பீடமாக்கி வாய்க்குள் வையுங்கள். அதன் உள்முனை குழலுக்குள் நீளாமல் சுவரோடு நிற்க வேண்டும், வெளிமுனை திண்ணைமேல் ஏழெட்டு அங்குலம் வரட்டும். இதைச் சாந்து வைத்துப் பொருத்த வேண்டாம். துருப்பிடித்தால் உருவிவிட்டுப் புதிதொன்று செருகலாம்.

பானை குழலின் விளிம்பில் நேரே உட்கார்ந்தால் அடுப்பு மூச்சுத் திணறும். ஒரே உயரமுள்ள மூன்று ஓட்டுத் துண்டுகளைக் களியில் பதித்து, பானை முக்கால் முதல் ஒரு அங்குலம் உயர்ந்து நிற்கச் செய்யுங்கள். கச்சான் காலத்தில், பானையைச் சுற்றி அரை அங்குல இடைவெளியில் ஒரு தகர வளையம் வைத்தால் காற்று சுவாலையைப் பறிக்காது. விறகும் கண்கூடாகக் குறையும்.

முதல் தீ

ஒரு வாரமாவது நிழலில் உலரட்டும். வெயில் நேரே பட்டால் ஈரச்சாக்கு போடுங்கள். பிறகு பன்னாடையும் சுள்ளியும் மட்டும் வைத்து அரை மணி நேரம் சிறு தீ. ஆறவிட்டு, அடுத்த நாள் சற்றுப் பெரிதாக, அதற்கடுத்த நாள் இன்னும் பெரிதாக. சுவரிலிருந்து ஆவி எழுவது நின்ற பிறகே பானை ஏறலாம். மயிரிழை வெடிப்புகள் வரும். களியைத் தண்ணீராகக் கரைத்துத் துணியால் ஒற்றினால் அடைபடும்.

தீயைத் தட்டின்மேல் மூட்டாதீர்கள், குழலின் அடியில் மூட்டுங்கள். சிரட்டைத் துண்டும் காய்ந்த பாளையும் பற்றிக்கொண்டதும் இரு விரல் தடிப்பில் பிளந்த விறகு மூன்று நான்கைத் தட்டின்மேல் பரப்பி நுழையுங்கள். நுனி மட்டும் எரிய வேண்டும். எரிய எரியத் தள்ளுங்கள். தீ பெரிதாக வேண்டுமானால் இன்னொரு கட்டையைச் சேருங்கள், குறைய வேண்டுமானால் ஒன்றை வெளியே இழுங்கள். குமுறும் ஓசை கேட்டால் அடுப்பு சரியாக இழுக்கிறது.

வெள்ளைப் புகை வந்தால் விறகு ஈரம், அல்லது வாய் நிறையத் திணித்துவிட்டீர்கள். சுவாலை வாய்வழியே வெளியே நாக்கு நீட்டினால் பானை தாழ்ந்திருக்கிறது, அல்லது அடியில் சாம்பல் மேவிவிட்டது. மழைக்குப் பயந்து இந்த அடுப்பைக் குசினிக்குள்ளோ மூடிய விறாந்தைக்குள்ளோ மாற்றிக் கட்ட நினைக்க வேண்டாம். இதற்குப் புகைபோக்கி கிடையாது. புகை இல்லாவிட்டாலும் கண்ணுக்குத் தெரியாத கார்பன் மொனொக்சைட் வரும்.

விறகு

வேலியில் நிற்கும் கிளிசீரியாதான் வளவுக்காரருக்கு வசதியான விறகு. வெட்ட வெட்டத் தழைக்கும். வெட்டியவுடன் பிளந்து, கூரையின்கீழ் ஆறு மாதம் உலர்த்துங்கள். தென்னை மட்டை, கங்குமட்டை, பனை மட்டை எல்லாம் இந்த அடுப்புக்கு ஏற்ற தடிப்பு. பாலை விறகின் தணல் போல வேறில்லை, ஆனால் அதற்காகக் காட்டுக்குள் போக வேண்டாம். விழுந்த கிளை கிடைத்தால் சரி.

சில மரங்களைத் தொடவே கூடாது. களப்பு ஓரத்துத் தில்லையின் பாலும் புகையும் கண்ணைப் பதம்பார்க்கும். அது கண்டல் மரம், வெட்டுவதும் குற்றம். அலரியின் புகை நஞ்சு. கரையொதுங்கிய கட்டைகள் எவ்வளவு காய்ந்திருந்தாலும் உள்ளே உப்பு இருக்கிறது. எரியும்போது தகரத்தை அரிப்பதோடு நச்சு வாயுவும் தரும். பழைய வள்ளத்துப் பலகை, வர்ணம் பூசிய ஜன்னல், ஒட்டுப்பலகை, இவற்றின் கதையும் அதுதான். மண்ணெண்ணெய் ஊற்றிப் பற்றவைக்கும் பழக்கம் இருந்தால் இந்த அடுப்போடு விட்டுவிடுங்கள், குழல் இழுக்கும் வேகத்தில் சுவாலை முகத்துக்கு வரும்.

விறகைத் தரையில் அடுக்காமல் இரண்டு கல்லின்மேல் சட்டம் போட்டு அடுக்குங்கள். கறையான் ஏறாது, அடியில் தேளோ பாம்போ இருந்தால் குனிந்து பார்த்துவிடலாம். அடுப்பருகே ஒரு வாளி மணல் எப்போதும் இருக்கட்டும்.

மாரிக்கு முன்

ஒக்டோபர் பிறக்குமுன் மேல் பூச்சை ஒருமுறை தட்டிப் பாருங்கள். பொள்ளென்று ஒலிக்கும் இடத்தைச் சுரண்டி, புதுக் களி வைத்துச் சாணியால் மெழுகுங்கள். குழலின் வாயை ஒரு ஓட்டாலோ பழைய தாச்சியாலோ கவிழ்த்து மூடுங்கள். முன்வாய்க்கு ஒரு செங்கல், இல்லாவிட்டால் பூனை குட்டி போடும். மாரி முடிந்து முதல் முறை மூட்டும்போது மீண்டும் சுள்ளித் தீயிலிருந்து தொடங்குங்கள், ஈரக் கல்லில் பெருந்தீ வைத்தால் வெடிக்கும். தைப்பொங்கலுக்கு வேண்டுமென்றால் அந்தச் சுள்ளித் தீயை மூன்று நாள் முன்பே மூட்டிவிடுங்கள்.